ஹைட்ரஜன் போடாத இருபது

வலது கை கணக்கு மெஷினின் கைப்பிடியை ஏழு தடவை சுற்றி நின்றது. இடது கை விரல் பழைய பத்திரிகையில் நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல் முடிவுகளின் மேல் ஊர்ந்து அடுத்த எண்ணைத் தொட்டது. 3718. எழுதி, ஒரு கோடு அடித்து, மறுபடி சுற்றல்.

கைகளுக்குச் சொந்தக்காரி கெர்ட்ரூட். மலேசியாவின் ஈப்போவில் ஒரு கல்லூரியின் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. 1983இல் அந்தத் தற்காலிகத்துக்கு ஏழு வயது.

வேலை கொடுத்தவர் பௌதிக விரிவுரையாளர் டாக்டர் கார்த்திகேசு. நட்சத்திரங்கள் பிறக்கும் முன்பே பிரபஞ்சத்தை நிறைத்திருந்த ஹைட்ரஜன், ரேடியோ அலையைக் கொஞ்சம் விழுங்கி ஒரு பள்ளம் விட்டிருக்குமாம். அது இன்று நம்மை வந்து சேர்ந்தால் எப்படித் தெரியும் என்பது அவர் ஆராய்ச்சி. கல்லூரியில் ரேடியோ தொலைநோக்கி கிடையாது. ஒழுகாத கூரையும் கிடையாது. ஆகவே வானத்தைத் தாளிலேயே செய்யச் சொன்னார். முதலில் வானத்தின் பேரிரைச்சலைப் போடு. அதற்குள் ஹைட்ரஜனின் சின்னப் பள்ளத்தை வை. மேலே கண்டபடி எண்களைத் தூவு. பிறகு இரைச்சலை வழவழப்பான ஒரு கோடாக வரைந்து கழித்துவிடு. பள்ளம் மிஞ்சினால் வெற்றி. தான் ஒளித்துவைத்ததைத் தானே கண்டெடுப்பதற்கு வெளிநாட்டு மாநாட்டில் கை தட்டுவார்களாம். கோட்டு தைக்கக் கொடுத்தாயிற்று.

கண்டபடி எண்களுக்குத்தான் நாலு நம்பர். சாமியாடிகளும் கனவு கண்டவர்களும் வருஷக்கணக்காக மண்டையை உடைத்தும் முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்கள். அதைவிடத் தரமான சரக்கு வேறெங்கே கிடைக்கும்? பியூன் சீனிதான் நம்பவில்லை.

"அக்கா, மெஷின்ல கடைசியா என்னா நம்பர் வந்துச்சு? சும்மா சொல்லுங்கலா."

"அது வானத்துச் சத்தம், சீனி."

"வானமோ பூமியோ, நாலு நம்பர் இருந்தா போதும்லா."

மூன்று வாரம் பிரபஞ்சத்தை நம்பி, அவள் தாளில் எட்டிப் பார்த்த நம்பரில் சீட்டு வாங்கினான். "ஒங்க வானம் சரியான ஏமாத்துக்கா" என்று விட்டுவிட்டான். டாக்டரைவிடச் சீக்கிரம் தெளிந்தவன் அவன்.

இருபது கிராஃப் முடிந்தன. இருபதிலும் பள்ளம். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "கெர்ட்ரூட், நிரந்தர வேலைக்கான விண்ணப்பப் பாரத்தைக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவேன்."

பாரத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு அவள் சும்மா இருந்திருக்கலாம். முன்பு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் இருந்தவள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் மிதவையை முதலில் வெறும் தண்ணீரில் விட்டுப் பார்ப்பாள். ஒருநாள் மிதவையே தப்பு என்று தெரிந்தது. ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவர்களை அது எத்தனை நாள் திருடராக்கியிருந்ததோ. தோட்டத்துத் துரை மிதவையை மாற்றவில்லை, அவளை மாற்றினார்.

பழக்கம் போகவில்லை. ஹைட்ரஜனே போடாமல் இன்னும் இருபது கணக்குப் போட்டாள். பதின்மூன்றில் பள்ளம் விழுந்தது, அதே இடத்தில். பள்ளத்தை வெட்டியது ஹைட்ரஜன் அல்ல, டாக்டரின் வழவழப்பான கோடு.

"ஹைட்ரஜன் போடாம பள்ளம் எப்படி வரும்?" என்று அவள் காட்டிய தாள்களைப் பார்த்து டாக்டர் குரலை உயர்த்தினார்.

"அதத்தான் சார் நானும் கேக்குறேன்."

"இத உங்கள யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

டாக்டர் கதவைச் சாத்தினார். குரலில் தேன் ஒழுகியது. "இந்த இருபதையும் ஸ்டோர்ல போட்டுடுங்க. மாநாட்டுல யாரும் கேக்கப்போறதில்ல. பாரம் இங்கதான் இருக்கு, பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். கேட்டுட்டாங்கன்னா?"

அவர் பாரத்தின் மேல் பேனாவை, மூடி கழற்றி, வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் அவள் நாற்பதையும் ஒரே கோப்பாகத் தைத்தாள். போட்டது ஒன்று, போடாதது ஒன்று, மாற்றி மாற்றி. ஒவ்வொன்றின் தலையிலும் எது என்று தட்டெழுதி, ஒன்றிலிருந்து நாற்பதுவரை பக்க எண் இட்டாள். நடுவில் ஒன்றை உருவினாலும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சனிக்கிழமை டாக்டர் புதுக் கோட்டில் வந்தார். முதல் நாலு பக்கங்களைப் புரட்டினார். கையெழுத்தாகாத பாரத்தை எடுத்து, நான்காக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மெஷின் சுத்துறதுக்கு ஆள் பஞ்சமில்ல, கெர்ட்ரூட்."

"தெரியும் சார்." அவள் எதை எத்தனை ஒப்படைத்தோம் என்று பதியும் டெஸ்பாட்ச் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "நாப்பது தாள். வாங்கிக்கிட்டதா இங்க ஒரு கையெழுத்து சார்."

வெளியே டாக்ஸி ஹார்ன் அடித்தது. அவர் கிறுக்கினார். மை காயும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் கோப்பை இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினாள்.