அமாவாசையன்று ஒரு மாதிரி வகுப்பு

காலை பத்தேகால். செவிலிமேட்டில் ஒரு தொடக்கப்பள்ளி, மூன்றாம் வகுப்பு. முதலில் கண்ணில் பட்டது, கரும்பலகையில் ஒட்டியிருந்த பட்டுச்சேலைப் படம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டுச்சேலையைப் படத்தில் காட்ட, சென்னையிலிருந்து ஒரு வல்லுநர் வந்திருந்தார். செய்திக்காக நானும் போயிருந்தேன்.

தமிழ், கணக்கு, அறிவியல் என்று பாடங்களைப் பிரிக்கக் கூடாது, குழந்தையின் சொந்தப் பேச்சிலிருந்தே எல்லாம் முளைக்க வேண்டும் என்று ஆசிரியர்களிடம் அரைமணி நேரம் பேசினார். நம்பினேன். பிறகு பிள்ளைகளிடம், "சேலையப் பத்தி மனசுல தோணுறதச் சொல்லுங்க" என்றார்.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "எங்க வூட்ல இன்னிக்குத் தறி ஓடாது சார். அமாவாசை."

"அது தரணி சார். ஸ்கூல்ல சேர்ந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் வகுப்புல வாயத் தொறக்குது" என்று வகுப்பாசிரியை என் காதில் சொன்னார்.

"அமாவாசைன்னா நெலா எங்கடி போவுது?" என்றான் ஒருவன்.

"இருக்குதுடா. நமக்குத்தான் தெரியல" என்றாள் தரணி.

அடுத்த தறி லீவு என்றைக்கு வரும் என்று நான்கு பேர் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். வல்லுநர் வர்ணித்த வகுப்பு அவர் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

அவர் மேசையைத் தட்டினார். "அமாவாசையா கேட்டேன்? இந்த பார்டர்ல எத்தனை மயில், அதச் சொல்லுங்க."

"சார், அந்தப் பொண்ணு இப்பத்தான்..." என்றார் ஆசிரியை.

"டைம் இல்ல மேடம். இன்னும் மூணு சார்ட் பாக்கி."

அவ்வளவு பெரிய கொள்கையை அவ்வளவு சிறிய மனிதர் சுமந்து திரிவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேடைப் பேச்சை அப்படியே செய்தியாக்கும் வழக்கம் அன்றோடு என்னை விட்டுப் போனது.

"எல்லாரும் வாயில விரல் வைங்க" என்றார் அவர்.

முதலில் வைத்தவள் தரணி.