பந்து போன பிறகு

பதினாலு வருசம் பந்தாடிய சங்கையா ஒரு கோல்கூடப் போட்டதில்லை. போட வருகிறவனைப் போடவிடாமல் செய்வதுதான் அவன் பிழைப்பு. ஸ்டாப்பர் பேக். முழங்காலுக்குக் கீழே அவன் இரண்டு கால்களிலும் தழும்பில்லாத இடம் உள்ளங்கை அகலத்துக்குத் தேறாது. வாங்கியதை எல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தவன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

பிறந்தது தேவதானம். ஆறடி உயரம், தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. படிப்பு ஏறவில்லை, பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் பல் வரிசை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தான். மில்லுக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு ஆட வந்தவனைப் பார்த்துவிட்டு மலப்புரத்திலிருந்து ஒரு மேனேஜர் வந்து கூட்டிப்போனார். அங்கே செவன்ஸ் என்று ஓர் ஆட்டம் உண்டு. பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், கோட்டை ஒட்டி மூங்கில் கேலரி, அதில் ஊரே உட்கார்ந்திருக்கும். கார்த்திகையில் தொடங்கினால் சித்திரை வரைக்கும் தினம் ஓர் ஊரில் ஆட்டம். ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆள் வந்து ஆடுவார்கள். அவர்களை நிறுத்துவதற்குத்தான் நம்ம ஊர்க் கட்டை.

லாட்ஜில் படுத்துக்கொண்டு போனில் அவன் பார்ப்பது ஒரே ஓர் ஆளைத்தான். போர்ச்சுக்கல்லில் பிறந்து, துருக்கி, கிரீஸ் என்று நாடு நாடாகப் போய்த் தடுத்து ஆடியே பேர் வாங்கிய ஒருவன். அந்தப் பேர் சங்கையாவின் வாயில் நுழையவில்லை, ‘போர்ச்சுக்கல்காரன்’ என்றுதான் சொல்வான். அவனும் சொந்த ஊரை விட்டுவிட்டுக் காலை நம்பி அடுத்தவன் மண்ணில் பிழைக்கிறான், அவனையும் எல்லா ஊரிலும் திட்டுகிறார்கள் என்பதில் சங்கையாவுக்கு ஒரு சொந்தம். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிசத்துக்குள் எதிரணியில் கெட்டிக்காரன் எவனோ அவனை ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும் என்பதை அவனிடமிருந்துதான் கற்றான். அதற்குப் பிறகு அந்த ஆள் உன் பக்கம் வரும்போது பந்தைப் பார்க்கமாட்டான், உன்னைத்தான் பார்ப்பான்.

நாலாவது வருசம் சங்கையாவின் கால் பட்டு, கானாக்காரன் ஒருவனின் முழங்கால் திருகிக்கொண்டது. ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்தப் பையன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான். இரண்டு நாள் சங்கையாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவனுக்கு மேட்ச் சம்பளத்தை ஏற்றிக் கொடுத்தார்கள், சோறும் இறங்கிற்று. மனுசப் பிறவி அப்படித்தான்.

பெண் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், குடித்தனம் ராஜபாளையத்தில். மனைவி ஆனந்தவல்லி சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். ‘புருசன் உடைக்கான், பொண்டாட்டி கட்டுத்துணி மடிக்கா, குடும்பத்தோட தொழில்’ என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். அவளுடைய தம்பி சௌந்தரபாண்டியன் ஸ்ரீவில்லிபுத்தூர் டீமின் ஃபார்வர்டு. கால் தரையில் பாவாது, அப்படி ஓடுவான். சங்கையாவை மச்சான் மச்சான் என்று சுற்றி வருகிறவன். போலீஸ் எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை தேறி, உடல் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. அந்த வருசத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. இந்த ஓட்டத்தை விட்டால் காக்கிச்சட்டை இந்த ஜென்மத்தில் கிடையாது.

அந்தத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ராஜபாளையத்தில் பொங்கல் டோர்னமெண்டின் பைனல் வந்தது. ஒரு பக்கம் சங்கையாவின் பழைய மில் டீம், மறு பக்கம் மாப்பிள்ளை சௌந்தரபாண்டியனின் டீம். லீவுக்கு வந்திருந்த சங்கையா ஆடாவிட்டால் மில்லில் தலைகாட்ட முடியாது. சௌந்தரபாண்டியன் ஆடாவிட்டால் மச்சானுக்குப் பயந்துவிட்டான் என்பார்கள். இரண்டு காரணமும் காலணா பெறாது. ஆனால் ஆண்பிள்ளைகள் இந்த மாதிரிக் காரணத்துக்குத்தான் உயிரைக்கூட விடுவார்கள்.

பைனலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமியார் சுடலையம்மாள் வீட்டில் கோழிக்குழம்பு. சாப்பிட்டு எழுந்த இரண்டு பேரையும் ஆனந்தவல்லி சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். தட்டில் சூடத்தை ஏற்றினாள். மாப்பிள்ளை எப்போதும் இடது ஓரமாகவே போக வேண்டும், உள்ளே வெட்டி வரக் கூடாது. மச்சான் தடுப்பது போலக் காலை நீட்டலாம், பட விடக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். இரண்டு பேரும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. பதினாலு வருசப் பழக்கத்தை ஒரு துண்டுச் சூடம் கட்டிப்போட்டுவிடும் என்று அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

முதல் பாதியில் சத்தியம் நின்றது. சௌந்தரபாண்டியன் பந்தோடு வருவான், இடது ஓரமாக ஒதுங்குவான், சங்கையா புழுதி பறக்கக் காலை வீசுவான், எதிலும் படாது. ஐந்து நிமிசத்தில் விழ வேண்டிய முதல் தட்டு விழவில்லை. பார்க்க வந்த இரண்டாயிரம் பேரும் குருடர்களா என்ன? மைக்கில் கமிட்டி பால்ச்சாமி இருந்தார். அவர் வாய்க்கு வாசற்படியே கிடையாது. மாப்பிள்ளைக்கு வெற்றிலை பாக்கு வைத்து வழியனுப்புகிறார் நம்ம சங்கையா என்று அறிவித்தார். மைதானம் முழுக்கச் சிரித்தது. சங்கையாவைப் பார்த்து ஆட்டக்களத்தில் யாரும் அதுவரை சிரித்ததில்லை. திட்டியிருக்கிறார்கள், செருப்பு எறிந்திருக்கிறார்கள், அதெல்லாம் அவனுக்கு மாலை மாதிரி. இது வேறு.

இடைவேளையில் மில் டீமின் கேப்டன் வேல்பாண்டி அவன் காலடியில் காறித் துப்பினான்.

“ஒன்ன மலப்புரத்துக்கு என்னத்துக்குல கூப்புடுதான்? பூப்பறிக்கவா?”

சங்கையா பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். இரண்டாம் பாதி தொடங்கியதும் பால்ச்சாமி மைக்கில் ஒரு பரிசைச் சொன்னார். ஜல்லிக்கட்டில் மாடு பிடிப்பவனுக்கு அறிவிப்பது போல, சௌந்தரபாண்டியனைச் சாய்க்கிற வீரருக்கு ஒரு சில்வர் அண்டா. கூட்டம் விசிலடித்தது. ஒரு மனுசன் காலுக்கு அண்டா விலை வைக்கிறார்களே என்று ஒருவருக்கும் கூசவில்லை.

இருபது நிமிசம் ஆகியிருக்கும். சௌந்தரபாண்டியன் பந்தோடு வந்தான். இடது ஓரம் திறந்து கிடந்தது. சங்கையா ஒப்பந்தப்படி காலை அகட்டி நின்றான். அப்போது அந்தப் பயலுக்கு என்ன தோன்றிற்றோ. கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது, இருபத்தாறு வயது, காலில் அம்புட்டு வேகம். ஓரத்துக்குப் போகாமல் உள்ளே வெட்டினான். மச்சானின் இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தைத் தட்டிவிட்டு, கடந்து போகும்போது அவன் தோளில் கையை வைத்து, வாய்விட்டுச் சிரித்தான். பந்தை வலது பக்கம் இருந்த கூட்டாளிக்குத் தள்ளியும் விட்டான். மைதானம் ஓவென்று சிரித்தது.

சங்கையா திரும்பினான். பந்து போய்விட்டது. பதினைந்தடி தள்ளி வேறொருவன் காலில் கிடந்தது. சௌந்தரபாண்டியன் ஓட்டத்தை மெதுவாக்கி, ஒரு காலை ஊன்றிப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஊன்றிய காலில்தான் சங்கையா விழுந்தான். முழு உடம்பின் பாரத்தையும் கொடுத்து, பாதத்தின் அடிப்பக்கத்தால், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நட்டநடுவில்.

காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். கோட்டோரம் நின்றவர்களுக்குக் கேட்டது. தூரத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் கைதட்டினார்கள். பால்ச்சாமி மைக்கில் அண்டாவை அறிவித்தார். அவர் அறிவித்து முடிக்கிற நேரத்தில் சௌந்தரபாண்டியனின் கால் கீழ்ப்பாதியிலிருந்து பக்கவாட்டில் மடிந்து கிடப்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். காலுறையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்திருந்தது. அவன் அலறவில்லை. “மச்சான், என் காலு. மச்சான், என் காலு” என்று சங்கையாவையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கொடிக்கம்பம், பிளாஸ்டிக் சேர், செங்கல் துண்டு, கையில் கிடைத்ததெல்லாம் வந்தது. முதல் சேர் சங்கையாவின் முதுகில் உடைந்தது. அவன் மாப்பிள்ளையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். கீழே கிடப்பவனை மிதித்துவிடுவார்கள் என்ற பயம். கொடிக்கம்பு தலையில் இறங்கியது. ரத்தம் கண்ணை மறைத்தது. எவனோ விலாவில் உதைத்தான், ஒன்று, இரண்டு, பிறகு எண்ணிக்கை இல்லை. மில் ஆட்கள் மறு பக்கமிருந்து பாய்ந்தார்கள், அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று இன்றைக்கும் கணக்கில்லை. அந்தக் கலவரத்துக்குள் சங்கையா தன் பனியனைப் பல்லால் கடித்துக் கிழித்து, மடிந்து கிடந்த காலை மற்றக் காலோடு சேர்த்துக் கட்டினான். மாப்பிள்ளையை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு எழுந்தான். அடி விழ விழ நடந்தான். தடுக்கக் கை இல்லை. ரோட்டில் நின்ற ஆட்டோவில் ஏற்றும்போதுதான் சௌந்தரபாண்டியன் முதல் தடவையாக அலறினான். அந்த அலறல் ஊரை ஒட்டிய சஞ்சீவி மலையில் மோதித் திரும்பியதாக ஊரில் சொல்வார்கள். அது மிகை, ஆனால் சங்கையாவுக்கு அப்படித்தான் கேட்டது.

மதுரையில் காலுக்குள் பிளேட் வைத்தார்கள். உடல் தேர்வு நாள் வந்தது, போனது. சங்கையாவுக்குத் தலையில் ஏழு தையல், விலாவில் ஓர் எலும்பு முறிவு.

ஆனந்தவல்லி ஒரு பக்கம் தம்பிக்கு அழுதாள், மறு பக்கம் புருசனுக்காக ஊரோடு சண்டை போட்டாள். சௌந்தரபாண்டியனின் பங்காளிகள் சங்கையாவைக் கைது பண்ண வைக்க வேண்டும் என்று கிளம்பியபோது வாசலை மறித்து நின்றவள் அவள்தான். பதினாலு வருசம் இதே வேலை பார்த்த காலு, தானா நீண்டிருச்சு, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், அவிய மனசறிஞ்சு செய்யல என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கடைசியில் ஊரும் அதையே ஒத்துக்கொண்டது. மாமியார் சுடலையம்மாளும் ஒத்துக்கொண்டு, மருமகனுக்கு வழக்கம்போல இலை போட்டுச் சோறு வைத்தாள். சங்கையா அந்தச் சோற்றைத் தின்றான். பழக்கம் என்ற அந்தச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டான். கோழைக்கு அதைவிட நல்ல குதிர் கிடைக்காது.

ஒன்றரை மாதம் கழிந்தது. காலை மடக்கி நீட்ட வேண்டும், ஊன்றிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் கால் விறைத்துப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சௌந்தரபாண்டியன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அக்கா கெஞ்சினாள், ஆத்தா அழுதாள், அசையவில்லை. கடைசியில் சங்கையாவை அனுப்பினார்கள். மச்சான் சொன்னால் கேட்பான்.

கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த சங்கையாவிடம் சௌந்தரபாண்டியன் மெதுவாகச் சொன்னான்.

“ஒங்க மேல தப்பில்ல மச்சான். சத்தியத்த மொதல்ல மீறினது நாந்தான். நான் உள்ள வெட்டிருக்கப்பிடாது. ஒங்க காலு பழக்கத்துல வந்திருச்சி. இது சாமி எடுத்த காலு. இத ஊனி நடந்து நான் என்ன செய்யப் போறேன்?”

அவன் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் சங்கையாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். தன் கால் போனதற்குத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு, இருபத்தாறு வயதில் ஒருவன் கட்டிலோடு கட்டிலாகச் சூம்பிப்போகிறான். இன்னும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கால் விறைத்துவிடும், உண்மை கேட்க ஆளிருக்காது.

“சாமி எடுக்கல மாப்ள,” என்றான் சங்கையா. “பழக்கமும் இல்ல. நான் திரும்பிப் பாத்தேன். பந்து போயிருச்சின்னு தெரியும். நீ நின்னுக்கிட்டு இருந்த. எல்லாரும் சிரிச்சானுவ. ஒன் கால ஒடைக்கணும்னு நெனச்சுத்தான் அடிச்சேன்.”

சௌந்தரபாண்டியன் தலைமாட்டில் இருந்த சில்வர் செம்பை எடுத்து எறிந்தான். புருவத்தில் பட்டுத் தோல் கிழிந்தது. போதவில்லை. போர்வையை உதறி, கட்டில் சட்டத்தைப் பிடித்து, பிளேட் வைத்த காலைத் தரையில் ஊன்றி எழுந்தான். வலியில் முகம் கோணிற்று. ஓர் எட்டு வைத்து மச்சானின் சட்டையைப் பிடித்தான். அடித்தான். கன்னத்தில், கழுத்தில், மூக்கில், கை ஓய்கிற வரை.

“ஒன்ன என்னென்ன நெனச்சிருந்தேன்,” என்று சொல்லிச் சொல்லி அடித்தான். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது.

எத்தனையோ பேரை நிறுத்திய சங்கையா கையைத் தூக்கவில்லை. விழாமல் இருப்பதற்காக மாப்பிள்ளையின் இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டான்.

ஆனந்தவல்லி கஞ்சித் தூக்கோடு வாசற்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது, எல்லாம் கேட்டிருந்தாள்.

“ஒங்களுக்காக எத்தன பேருகூட நான் சண்ட போட்டேன்னு தெரியுமா?” என்றாள். சத்தம் போடவில்லை.

பிறகு புருசனின் கையை எடுத்துவிட்டுத் தம்பியைத் தான் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஓர் எட்டு வை, நான் பிடிச்சுக்கிடுதேன் என்று அவனிடம் சொன்னாள். சங்கையா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தான். ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டபோது, பழக்கத்தில் இரண்டு என்று சொல்லிவிட்டு, ஒன்று என்று திருத்திச் சொன்னான்.