நாற்காலி இல்லாத ஆட்சிக்குழு

துணைவேந்தர் ஆவதற்கு முன் அவர் இருபத்தாறு ஆண்டுகள் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். அத்தனை ஆண்டில் அவர் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: மனிதன் சுகமாக இருந்தால் பேசுவான், கஷ்டமாக இருந்தால் சம்மதிப்பான். இதை ஐந்நூறு பக்கத்தில், வரைபடங்களோடு எழுதியிருந்தார். படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அச்சுப்பிழை திருத்தியவர், மற்றவர் அவரே.

பதவிக்கு வந்த முதல் வாரமே ஆட்சிக்குழு அறையிலிருந்த நாற்காலிகளை எல்லாம் கிடங்குக்கு அனுப்பினார். நான்கு மணி நேரம் இழுத்த கூட்டம் இருபதே நிமிடத்தில் முடிந்தது. கழிவறைக் குழாய் மாற்ற ஒன்பது மாதம் வாதாடிய மகான்கள், புதுப் பாடத்திட்டத்தை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார்கள். இயற்பியல் பேராசிரியர் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியபடியே கை தூக்கக் கற்றுக்கொண்டார்.

துணைவேந்தருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலும் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார்.

"உட்கார்ந்து சாப்பிட்டா சாப்பாடு கோவிச்சுக்குமா?" என்றார் மனைவி.

"ஏழு நிமிஷம் மிச்சம்."

"மிச்சம் பிடிச்ச ஏழு நிமிஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?"

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அதற்கும் ஒரு வரைபடம் போடக் கிளம்பினார்.

மூன்றாண்டு முடிந்தது. இன்னொரு மூன்றாண்டு வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. போட்டிக்கு வந்தவர் விலங்கியல் பேராசிரியை, முட்டிவலிக்காரர். அதே அறை. இருவரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், பிறகு ஆட்சிக்குழு கை தூக்கி முடிவு செய்யும்.

"அந்தம்மாவால ரெண்டு நிமிஷம்கூட நிக்க முடியாது," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

நான்கே நிமிடத்தில் பேசி முடித்தார். அடுத்து பேராசிரியை ஒரு பெரிய பையைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு முக்காலியை எடுத்துப் போட்டு, சேலையைச் சரிசெய்து அமர்ந்தார்.

"மண்புழுவுல இருந்து ஆரம்பிக்கறேன்."

ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. இன்னும் தவளைக்கே வரவில்லை. இயற்பியல் பேராசிரியருக்குச் சுவரும் போதவில்லை.

"அம்மா, புண்ணியமாப் போகும், முடிச்சிடுங்க!"

"எனக்குக் கை தூக்குங்க, இப்பவே முடிக்கறேன்."

கைகள் உயர்ந்தன. துணைவேந்தர் எண்ணினார். பன்னிரண்டு. அறையில் இருந்ததே பன்னிரண்டு பேர்தான். அண்ணாந்து பார்த்தார். எல்லாக் கைகளுக்கும் மேலே உயர்ந்திருந்தது அவருடைய சொந்தக் கைதான்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். அழுகையும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

"நான் தோத்துட்டேன். ஆனா என் கோட்பாடு ஜெயிச்சிடுச்சு. அந்த முக்காலி மட்டும் எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்துது."

"நம்ம சமையலறையில பார்த்திருப்பீங்க," என்றார் மனைவி. "முட்டிவலின்னு கேட்டாங்க, கொடுத்தேன். இவ்வளவு நல்லா வேலை செய்யும்னு தெரிஞ்சிருந்தா சாய்வு நாற்காலியே கொடுத்திருப்பேன்."

அவர் வாய் திறப்பதற்குள் மனைவி சாப்பாட்டு மேசையின் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. இப்ப பேசுங்க."