வேலையில் சேர்ந்த அன்று வந்த போன்

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில், சாத்தூரில் குழந்தைகள் உரிமைக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். என்னையும் என்னோடு சேர்ந்த இன்னொரு பெண்ணையும் வரவேற்க அலுவலகத்திலேயே சின்னதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து, காராச்சேவைக் கொறித்துக்கொண்டே அவரவர் வீட்டைப் பற்றிச் சொன்னோம். என் முறை வந்தபோது, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார் என்று பெருமையாகச் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் ஒருவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும்.

அம்மா போகும் கம்பெனியில் வெடிவிபத்து. உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அம்மாவிடம் பேச வழியில்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"ஏறும்மா. என்னைய இறுக்கிப் புடிச்சுக்கோ."

வழி நெடுக முணுமுணுவென்று ஜெபம் செய்துகொண்டே ஓட்டினார். திரும்பிப் பார்த்தேன். காலையில்தான் பழக்கமானவர்கள், அத்தனை பேரும் பின்னால் வண்டிகளில் வந்துகொண்டிருந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே ஒரே கூட்டம். போலீஸ் யாரையும் உள்ளே விடவில்லை. அம்மாவைப் பார்த்தீர்களா என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்திலிருந்து சீருடையோடு ஓடிவந்த பிள்ளைகளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து பெண்கள் சிலர் வந்தார்கள். அவர்களில் அம்மாவும் இருந்தார். காலில் செருப்பில்லை, முள் கிழித்திருந்தது. கையெல்லாம் வெடிமருந்துப்பொடி அப்பி வெள்ளியாக மினுங்கியது. வெடித்தது மருந்து கலக்கும் அறை. சாப்பாட்டு நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை. சத்தம் கேட்டதும் காட்டுக்குள் ஓடியவர்கள் சுற்றிக்கொண்டு இப்போதுதான் வருகிறார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது.

"எனக்கு ஒண்ணுமில்லத்தா. அங்கன ஒரு புள்ள தனியா நின்னு அழுகுது பாரு. மொதல்ல அதப் போயிப் பாரு."

மூன்றாம் வகுப்பு படிக்கும் சிறுமி. அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குள் எங்கள் அலுவலகத்து ஆட்கள் பிள்ளைகளை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒவ்வொருவருடைய அம்மா பெயரையும் கேட்டுக் கூட்டத்துக்குள் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக அம்மாவோடு போனது. என் மடியில் இருந்தவள் மட்டும் மிச்சம். அவள் அம்மாவோ, மகள் பயந்துவிடுவாளே என்று காட்டு வழியாகவே பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார். அங்கே அவளைக் காணாமல் திரும்ப ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் சிறுமி என் மடியிலிருந்து இறங்கி ஓடினாள். அம்மாவின் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினாள். அப்புறம் அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் சமைத்த சாப்பாட்டை யாரோ வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். அக்கா முதல் இலையை என் அம்மா முன்னால் போட்டார்.

"உங்க மகள வரவேற்க ஆக்குன சோறு. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

அம்மா அதன்பிறகு பட்டாசு வேலைக்குப் போகவில்லை, நான் விடவில்லை. இப்போது புதிதாகச் சேர்பவர்களை வரவேற்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தாலும், வீட்டில் யார் யார், எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர்கள் வீட்டு ஆட்களைத் தேடி என்றைக்காவது ஓட வேண்டி வந்தால், முன்பின் தெரியாத யாரையோ தேடிப் போவதுபோல நான் போகக் கூடாது.