கம்ப்ரசருக்கு மூன்று கொட்டேஷன்

“ஜூலை 9, சனிக்கிழமை. ஏர் கம்ப்ரசர். கடைகள்: மூன்று.” என் பழைய ரஃப் நோட்டின் கடைசித் தாள் இப்படி ஆரம்பிக்கிறது. கையெழுத்து என்னுடையது. ஆண்டு எழுதவில்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் ஜூலை ஒன்பது சனிக்கிழமையில் வந்தது இரண்டே முறை. ஒன்றில் ஐந்தாம் வகுப்பு, மற்றதில் பத்தாம் வகுப்பு. நோட்டில் ஐந்தாம் வகுப்புக் கணக்குகள் இருப்பதால் 2011 என்று முடிவு செய்திருக்கிறேன்.

அதன் கீழே நான்கு கட்டங்கள்: கடை, லிட்டர், விலை, எதற்கு. கட்டம் போட்டுக் கொடுத்தது அப்பா. வெளிமாநிலத்தில், ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தார். மூன்று கொட்டேஷன் வாங்கி, தேவைக்குப் பொருந்துகிறவற்றில் விலை குறைந்ததை எடுப்பது அங்கே விதி. வீட்டிலும் அதே விதிதான். குக்கருக்கு டெண்டர் விட்ட மனுஷன் என்று அம்மா அவரைச் சொல்லிக் காட்டுவாள்.

பிற்பாடு தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த கம்ப்ரசர் மாமாவுக்காக வாங்கப் போனது. மாமா, அம்மாவின் தம்பி. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கம்ப்ரசர் காற்றில் காருக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பட்டறையை மூடியதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு லீவு மாதிரி அவருக்கும் ஏதோ லீவு என்று நினைத்திருந்தேன். அப்பா இரண்டு முறை பணம் கொடுத்துப் பார்த்தார், மாமா வாங்கவில்லை. தொழிற்சாலையில் சொல்லி வேலை கேட்கட்டுமா என்றதற்கு, மாமா பையில் துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டாராம். ஆகவே வீட்டுக்கென்று ஒரு கம்ப்ரசர் வாங்கி கார் ஷெட்டில் வைத்துவிட்டால், நாளடைவில் அவரே அங்கு ஒரு காரை நிறுத்திப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிடுவார் என்பது அப்பாவின் திட்டம். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு.

அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வீட்டுக்கு கம்ப்ரசர் வாங்கப் போகிறோம், தேர்ந்தெடுக்க விஷயம் தெரிந்தவர் என்று மாமா வருகிறார், அவர்கள் இருவருக்கும் இந்த ஊர் ஹிந்தி வராததால் நான் வருகிறேன். பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்று சும்மாவே அடிக்கிறார்களே என்று காரில் கேட்டேன். அப்பா ஹார்ன் அடித்தார்.

மெஷின் கடைகள் நிறைந்த ராணிகஞ்சில் முதல் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் “கைக்கு ஹோனா?” என்றார். எதற்கு வேண்டும் என்று கேட்கிறார் என்றேன். டயருக்கு என்றார் அப்பா. கடைக்காரர் கைப்பிடி வைத்த இருபத்தைந்து லிட்டர் கம்ப்ரசர் ஒன்றை இழுத்து வைத்தார். அப்பா அதைப் பார்க்காமல், மூலையில் என் உயரத்துக்கு நின்ற நூற்றைம்பது லிட்டரைக் காட்டி அது என்ன விலை என்று கேட்கச் சொன்னார்.

“டயருக்கு எதுக்குங்க மச்சான் அத்தாம் பெருசு?” என்றார் மாமா. “இருபத்தஞ்சே தாராளமுங்க.”

காற்றைப் பால் மாதிரி எப்படி லிட்டரில் அளக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதைய பெரிய குழப்பம். அடுத்த கடையில் அதைவிடப் பெரிய குழப்பம் வந்தது. அங்கேயும் அதே கேள்வி. இந்த முறை அப்பா, ஏசி கழுவ, ஜன்னல் வலையில் தூசி ஊத என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன். தூசி ஊத இதைவிடச் சின்னது போதும் என்று மாமா உற்சாகமாகச் சொன்னார். கொத்தமல்லிக் கட்டுக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்கிற அப்பா விலை கூடியதையே கேட்டுக்கொண்டிருந்தார். மாமா ஒவ்வொரு கடையிலும் அவரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். நான் நான்காவது கட்டத்தில் முதல் வரியில் டயர் என்றும் இரண்டாவது வரியில் ஏசி என்றும் எழுதிவிட்டு, எது சரி என்று அப்பாவைக் கேட்டேன். எழுதினால் போதும் என்றார்.

மூன்றாவது கடையிலும் அதே கேள்வி வந்தபோது அப்பா என் பக்கம் திரும்பினார். “பின்னாடி தேவைப்படும்னு சொல்லு.”

“எதுக்குன்னு கேக்கறாருப்பா.”

“அதெல்லாம் சொல்ல முடியாதுன்னு சொல்லு.”

அதை ஹிந்தியில் மரியாதையாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியாதாம் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

இதற்குள் மாமா அங்கிருந்த ஒரு பெரிய கம்ப்ரசரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அதன் மேல் இருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று தரும் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கடைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டு எண்ணைச் சொன்னார், ஓட்டியும் காட்டினார். மாமா தலையைச் சாய்த்து, அது நிரம்பித் தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

“சின்னதே போதுமுங்க மச்சான்.”

“மாப்ளே, கொஞ்சம் யோசி. பெருசா இருந்தா நாளைக்கு ஒரு கார் டோரே…” அப்பா அங்கேயே நிறுத்திவிட்டார்.

“எந்தக் காருங்க?”

“சும்மா சொன்னேன்.”

அப்பா என் நோட்டை வாங்கிப் பார்த்தார். எழுதியிருந்த தேவைகளுக்கு இருபத்தைந்து லிட்டர் பொருந்தியது. விலையும் அதுதான் குறைவு. முதல் கடைக்குத் திரும்பி அதை வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் கார், அப்பாவின் ஸ்கூட்டர், என் சைக்கிள், பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு பைக் என எல்லாவற்றுக்கும் காற்றடித்தார். தெருப் பிள்ளைகள் சைக்கிள்களோடு வரிசையில் நின்றார்கள். எனக்கு ஒரே பெருமை. அப்பா மட்டும் ஷெட் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது வாரம் மாமா திருப்பூருக்கு ரயிலேறி, ஒரு பனியன் கம்பெனியில் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். எனக்குத் தெரிந்து அதன் பிறகு அவர் காருக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை.

இருபத்தைந்து லிட்டரில் ஸ்ப்ரே பிடித்தால் பாதிக் கதவிலேயே காற்று இறங்கி, பெயிண்ட் பொட்டுப்பொட்டாக விழும். இதை நான் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு இது கடைக்குள் நுழையும் முன்பே தெரிந்திருக்கும். நிமிஷக் கணக்கைக் கேட்க வேண்டியவர் பெயிண்ட் அடிப்பவர், டயருக்குக் காற்றடிப்பவர் இல்லை என்பதும் தெரிந்திருக்கும்.

அப்பாவைக் கேட்டால் இன்றுவரை டயருக்குத்தான் வாங்கினோம் என்கிறார். போன மாதம் மாமாவைப் போனில் கேட்டேன். “எந்தக் கம்ப்ரசர் அம்மணி?” என்றார். ஞாபகப்படுத்தினேன். மச்சானின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அந்தக் கம்ப்ரசர் தனக்காகத்தான் என்று தெரிந்தே மாமா சின்னதைக் காட்டினாரா, அல்லது மச்சானின் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் சொன்னாரா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.