சோதனையம்மா வேலி தாண்டியது

நகைப் பட்டறையின் பின்வாசலை ஒட்டித் திரை போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் பெண்கள் ஒவ்வொருவராக அதற்குள் போய்த்தான் தெருவுக்கு வர வேண்டும். உள்ளே நின்று அவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புகிறவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோதனையம்மா என்றுதான் சொன்னார்கள். கொண்டைக்குள், செருப்பு அட்டைக்கு அடியில், சாப்பாட்டு டப்பா மூடியின் விளிம்பில் என்று தங்கத்தூள் எங்கெல்லாம் ஒளியும் என்பது அவள் விரல்களுக்கு அத்துப்படி. ஒருமுறை ஒரு பெண்ணின் காதுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்திரியை, "புண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று பரிவாகக் கேட்டபடியே பிரித்துவிட்டாள். உள்ளே புண் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை அவளை விடவில்லை. போனில் யாராவது நலம் விசாரித்தால், வைத்த கையோடு "எதுக்குக் கேக்கறாங்க?" என்பாள். கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவர். வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது.

அந்த வாய்தான் ஒரு நாள் காலையில் கோணிக்கொண்டது. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்தன, கூடவே பேச்சும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தடி ஊன்றி நடக்குமளவுக்குக் கால் தேறியிருந்தது. பேச்சுதான் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது.

"குதிரை மேல உக்கார வெச்சு ஒரு பயிற்சி குடுக்கறாங்கம்மா," என்றாள் மகள். "குதிரை நடக்கறப்ப நம்ம இடுப்பு அசையறது, நாமளே நடக்கற மாதிரி இருக்குமாம். டாக்டரே போகச் சொல்றார்."

"அந்த டாக்டருக்கும் குதிரைக்காரங்களுக்கும் என்ன உறவு?"

"அம்மா!"

போனார்கள். ஊர் முடிகிற இடத்தில் தகரக்கூரை லாயம், மணல் கொட்டிய மைதானம், அதைச் சுற்றி மரவேலி. குதிரை முதுகில் ஆள் ஏற்ற ஒரு சாய்வு மேடை. செவலை என்ற வயதான பெண் குதிரையில் கணவரை ஏற்றினார்கள். தலைக்கவசம், இடுப்பில் கைப்பிடி வைத்த பெல்ட். ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்த, இரண்டு பேர் இரு பக்கமும் அவர் தொடைமேல் கை போட்டு அணைத்தபடி கூடவே நடந்தார்கள். இத்தனை பேர் சூழ்ந்தும் செவலை மிரளவே இல்லை. அது சோதனையம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"மருந்து குடுத்திருக்காங்க," என்று மகளின் காதில் சொன்னாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தீவன வாளிக்குள் கையை விட்டுத் துழாவினாள். தவிடும் புல்லும்தான். முகர்ந்தும் பார்த்தாள்.

பயிற்சி நடத்துகிற பெண் குட்டை முடியும் வெயிலில் கறுத்த முகமுமாக இருந்தாள். "வீட்டுக்காரங்க வேலிக்கு வெளியதான் இருக்கணும்மா," என்றாள்.

"ஏன்?"

"நீங்க கிட்ட இருந்தா அவர் உங்களையே பாப்பார். உடம்பு ஒரு பக்கமா சாஞ்சிடும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. பட்டறையில், சரியான பதிலைக் கையோடு கொண்டு வருகிறவர்களைத்தான் சோதனையம்மா இரண்டாம் தடவை தடவிப் பார்ப்பாள்.

சில வாரம் போன பிறகு பயிற்சிக்காரப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் நல்லா பேசினாரும்மா."

திரும்பி வரும் வழியில் காரில் வைத்தே விசாரணை தொடங்கியது. "பேசினீங்களாமே? என்ன பேசினீங்க?"

"செ..."

"செவலையா? செருப்பா? செருப்பு கடிக்குதா?"

"செ..."

"செத்த நேரம் படுக்கணுமா? இதோ வீடு வந்துடுச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர்கள் புளுகுகிறார்கள், இல்லாவிட்டால் இந்த மனுஷன் அங்கே பேசிவிட்டு இங்கே ஊமை வேஷம் போடுகிறார். முதலாவது என்றால் சண்டை போட்டு நிறுத்திவிடலாம். இரண்டாவது என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

குதிரைக்குப் பக்கத்தில் நடக்க ஆட்கள் தேவை என்று லாயத்துக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. நேராகப் போய் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் கூட நடக்க முடியாதும்மா," என்றாள் பயிற்சிக்காரப் பெண். "வேற யாருக்காவதுதான்."

"அதனால என்ன? சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரு குழந்தைக்கு ஒத்தாசையா இருக்கலாமேன்னுதான்."

அந்தப் பெண் அவளை ஒரு பார்வை பார்த்தாள். சந்தேகப்படுகிறாள் என்று சோதனையம்மாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள்.

கற்றுக்கொள்வது லேசாக இல்லை. "இப்படிப் பிடிக்காதீங்கம்மா. காலுக்குள்ள என்னத்த ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு தேடற மாதிரி இருக்கு. கை சும்மா மேல இருந்தா போதும்," என்றாள் பயிற்சிக்காரப் பெண். சும்மா இருக்க அந்தக் கைகள் பழகவே இல்லை.

கால் பலமில்லாத ஒரு சிறுமியின் பக்கத்தில் அவளை நடக்கவிட்டார்கள். வாயாடி. அவள் ஏறியிருந்த குதிரை அதே மைதானத்தில் செவலைக்குப் பின்னால், கொஞ்சம் எட்டவே சுற்றியது.

"ஆன்ட்டி, ஏன் அந்தத் தாத்தாவையே பாக்கறீங்க?"

"பாக்கலையே."

"அவர் பேசுவார் தெரியுமா? ஆனா ரொம்ப மெதுவா. நாங்க ஒரு சுத்து வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை முடிப்பார்."

அப்போது முன்னால் குரல் கேட்டது. "பி...ரேக்." செவலை நின்றது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அதே குரல், கரகரப்பாக. யாரும் புளுகவில்லை.

செவலை மறுபடி நடந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் ஆரம்பித்தார். "வீட்டுல..."

குளம்படிச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் நடந்த இருவரும் வாயைத் திறக்கவில்லை. முன்னால் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"...அவ..."

மைதானத்தின் மூலை வந்து, திரும்பி, அடுத்த மூலையும் வந்தது. சோதனையம்மாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அவ அடிக்கறா? அவ அழறா? யாராவது எடுத்துக் கொடுங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"...முடி...ச்சி...டறா."

வேலியோரம் நின்ற பயிற்சிக்காரப் பெண் கேட்டாள், "எதை முடிச்சிடறாங்க?"

மறுபடியும் குளம்படிச் சத்தம். "என்... வார்த்தைய."

கோபமாகச் சொல்லவில்லை. வண்டியில் என்ன கோளாறு என்று மெக்கானிக்கிடம் சொல்வது போலச் சொன்னார்.

"ஆன்ட்டி, கால் வலிக்குது!" என்றாள் சிறுமி. சோதனையம்மா சட்டென்று பிடியைத் தளர்த்தினாள்.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. குளிப்பாட்டி, சோறூட்டி, இரவெல்லாம் திருப்பிப் படுக்க வைக்கிறேன், வார்த்தையை எடுத்துக் கொடுப்பது ஒரு குற்றமா? ஆனால் லாயத்தில் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும்போது காரில் அவர் சொல்ல வந்த 'செ' நினைவுக்கு வந்தது. அது என்ன வார்த்தை என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அன்று முதல் எத்தனை வார்த்தைகள் அப்படிப் போயின என்பதும் தெரியாது. வாளி நிறைந்து வழிந்து காலை நனைத்தபோதுதான் குழாயை மூடினாள்.

சாயங்காலம் அடுக்களை மேஜையில் இருவரும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எ..." என்றார் அவர்.

எண்ணெய், எறும்பு, எழுந்திருக்கணுமா, எல்லாம் அவள் நாக்கில் வரிசை கட்டி நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் வழக்கம்போல அவள் எடுத்துக் கொடுப்பதற்காகக் காத்திருந்தார். அவள் மேஜைத் துணியின் ஓரத்தைத் திருகினாள். டீயில் ஆடை படிந்தது.

"எ...ன்ன... மறைக்...கற?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒண்ணும் இல்லைங்க," என்றாள். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, ஒட்டுக்கேட்கத்தான் வேலிக்குள் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

அவர் தலையாட்டினார். "பா...த்தேன்."

"எப்ப பாத்தீங்க? சொல்றதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

அவர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வலது கை கடைசிவரை திரும்பவில்லை. பேச்சு வந்தது, முழு வாக்கியமாக, நடுநடுவே நீண்ட இடைவெளிகளோடு. சோதனையம்மா அந்தச் சிறுமியோடு நடப்பதை விடவில்லை. அன்று அவர் செவலை மேல் உட்கார்ந்து சும்மா குறை சொன்னாரா, இல்லை பின்னால் வருகிறவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாரா என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அவ்வப்போது கேட்பாள். நல்ல நிலையில் இருக்கிற பாதி வாயால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவள் நம்புவதே இல்லை.