ஏழு ஓடும், எட்டு நொண்டும்

பழைய லெப்டொப் விற்கிற தொழிலில், சாமான் நன்றாக ஓடினால் அது வாங்கியவனின் கெட்டித்தனம், நின்றுபோனால் விற்றவனின் களவு. இந்தத் தொழிலில் பெயர் கெட்ட எல்லோருக்கும் நான் எழுதப்போவது விளங்கும்.

எனக்கு அநியாயம் செய்தவர்களைச் சொல்லத் தொடங்கினால் முதல் பெயர் தவராசா. என் மனைவியின் தம்பி. காலத்தைப் பார்த்தால் சுனாமிதான் முந்தி வந்தது. ஆனால் கடல் என் கடையைத்தான் கொண்டுபோனது, தவராசா என் பெயரைக் கொண்டுபோனான். அவன் எனக்கு ஒரே ஒரு வசனம் கடன்பட்டிருக்கிறான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விசயத்தில் பிழை இல்லை.

உப்புத் தண்ணீர்

கல்லடியில் எனக்கு ரேடியோ, ரீவி திருத்தும் கடை இருந்தது. கடல் வந்து போன பிறகு அந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. முகாமில் இருந்தபோது சனங்கள் மண்ணுக்குள் இருந்து எடுத்த ரேடியோக்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். செய்தி கேட்க வேண்டும், பிழைத்தவர்கள் என்று யார் யாருடைய பெயரைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கடல் தண்ணீர் புகுந்த சாமானை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் சிலது பேசும். நானும் கிணற்றில் அள்ளிக் கழுவினேன். காய்ந்த பிறகு பார்த்தால் உள்ளே வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறது. கிணற்றுக்குள்ளும் கடல் போயிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிழைக்கிறதைப் பிழைக்கும் என்றும் செத்ததைச் செத்தது என்றும் உள்ளபடி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். "ரெத்தினம் சொன்னா சரி" என்ற பெயர் எனக்கு அங்கேதான் வந்தது. முகாமை விட்டு வரும்போது என்னிடம் இருந்த ஒரே சொத்தும் அதுதான். முகாமில் இருக்கும்போதே, கிணறு உதவாது என்று தெரிந்த பிறகு ஒரு நாள், ரேடியோ கழுவுவதற்காகப் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற அம்மா குடத்தால் என் முதுகில் இடித்தா. "புள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணியில்ல, நீ ரேடியோவக் குளிப்பாட்டப் போறியா?"

ஏழும் எட்டும்

சண்டை முடிந்து பாதை திறந்ததும் தவராசா கொழும்பிலிருந்து பழைய லெப்டொப்புகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மட்டக்களப்பு டவுனில் கடை போட்டோம். கடை என் பெயரில், வாய் அவனுடையது. "ரெத்தினம் சொன்னா சரி" என்று நம்பித்தான் சனம் வந்தது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டிதான். உள்ளே கேமின் படத்தை ஓட்டுகிற கிரபிக்ஸ் காட் மட்டும் இரண்டு வகை. ஒன்றின் நம்பர் ஏழில் தொடங்கும். மற்றது அதற்குப் பிறகு வந்தது, எட்டில் தொடங்கும். கடையில் நாங்கள் ஏழு, எட்டு என்றுதான் சொல்வோம்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேமைப் போட்டுப் பார்த்தேன். ஏழு பழசு, ஆனால் அதன் காலத்தில் அது பெரிய காட். வழுக்கிக்கொண்டு ஓடியது. எட்டு புதிசு, ஆனால் அதன் வரிசையில் அதுதான் கடைக்குட்டி. திரையில் நாலு பேர் சேர்ந்து வந்தால் மூச்சு வாங்கியது. சூட்டில் மட்டும் எட்டு நல்ல பிள்ளை. ஏழாம் நம்பரை மடியில் வைத்தால் தொடை வெந்துபோகும், பெட்டரியும் நிற்காது. ஆகவே கேம் விளையாடுகிறவன் ஏழை எடுக்க வேண்டும், கீழே காற்றுப் போக இடம் விட வேண்டும். விலையும் குறைவு. படம் பார்க்கிறவனுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் எட்டுப் போதும். அன்றைக்கு நான் சொன்னது இது, இன்றைக்கும் இதுதான். தவராசா கேட்டுவிட்டுச் சிரித்தான். "அத்தான், எட்டு ஏழ விடப் பெரிசு. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் அது விளங்கும்."

கடை வாசலில்

முதலில் நாங்கள் துவக்கால் சுடுகிற கேமைப் போட்டுத்தான் காட்களைச் சோதித்தோம். அந்தச் சத்தத்துக்குத்தான் பொடியன்கள் கூடுவார்கள். எங்கள் கடைக்கு முன்னால் ஒரு அக்கா மரக்கறி விற்றா. அவவுடைய மகனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. ஒரு நாள் தராசைக் கையில் பிடித்தபடியே வாசலில் வந்து நின்றா. திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா. எங்கள் கடை கார் ரேசுக்கு மாறியது அன்றைக்குத்தான். "அண்ணே, கார் ஓட்டுறதப் போடுங்க. அதில ஆரும் சாகமாட்டாங்க."

வவுணதீவிலிருந்து வந்தவர்

காய்ச்சல் வந்து நான் ஒரு கிழமை வீட்டில் படுத்தேன். அந்தக் கிழமைக்குள் தவராசா எட்டு என்று ஸ்டிக்கர் அடிப்பித்து, ஏழு எல்லாவற்றிலும் ஒட்டி, எட்டின் விலைக்கு விற்றுவிட்டான். நான் எழும்பிக் கடைக்கு வந்தபோது தட்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். போகப் போகிறான் என்று தெரியும். இதைச் செய்துவிட்டுப் போவான் என்று தெரியாது.

முதலில் வந்தவர் வவுணதீவுப் பக்கத்து வேளாண்மைக்காரர் ஒருவர். மகனுடைய லெப்டொப்பையும் மருமகனுடையதையும் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் எட்டு என்று ஒட்டியிருந்தது. ரேஸ் போட்டால் மருமகனுடையது பறக்கிறது, மகனுடையது வளைவில் நொண்டுகிறது. "இதில ஒண்டு கள்ள எட்டு. நீங்க சொன்னாச் சரி எண்டுதானே வாங்கினன், உண்மையச் சொல்லுங்க" என்றார். திறந்து பார்த்தேன். ஒன்று கள்ள எட்டுத்தான். ஆனால் அது மருமகனுடையது. ஏழுக்கு எட்டென்று ஒட்டியதுதான் பறந்தது, அசல் எட்டுத்தான் நொண்டியது. கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்க உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒட்டியது தவராசா என்றும் சொன்னேன். ஊரில் இல்லாதவன் மேல் பழி போடுகிறேன் என்று ஒருத்தன் சிரித்தான். வேளாண்மைக்காரர் சிரிக்கவில்லை. "நல்லா ஓடுறது கள்ளமாம், நொண்டுறது அசலாம். என்னப் பாத்தா உனக்கு எப்பிடி இரிக்கி?"

பனிச்சங்கேணியில்

அதற்குப் பிறகு கடைத்தெருவில் எனக்கு "ஒட்டு மாமா" என்று பெயர். நான் போனால் பொடியன்கள் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள், ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று. விற்ற ஏழுகளைத் தேடிப் போய் ஸ்டிக்கரைக் கழற்றினால் பெயர் திரும்பும் என்று நினைத்தேன். பஸ் ஏறிப் பனிச்சங்கேணிக்குப் போனேன். அங்கே மீன்பிடிக்கிற தம்பி ஒருத்தனிடம் ஒன்று இருந்தது. தோணியை இழுத்துப் போட்டுவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கூடுதலாக வாங்கிய விலையைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவன் லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். இந்தக் கரையில் எட்டு வைத்திருக்கிறவன் அவன் ஒருத்தன்தானாம், அதைப் பார்க்கப் பக்கத்து ஊரில் இருந்தும் வருகிறார்களாம். கதவடியில் நின்ற அவனுடைய தாய் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவ, நான் சொன்னதைக் கேட்டதும் அதைத் திரும்பவும் உள்ளே கொண்டுபோனா. தம்பி கேட்டான்: "நல்லா ஓடுறத ஏன் மாமா பொய்யெண்டு சொல்லிக் கெடுக்கிறீங்க?"

போறணை

ஏழுகள் அப்படியே ஓடியிருந்தாலாவது எனக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும். எங்கள் ஊர் வெக்கைக்கு அவை ஒன்றொன்றாய் விழத் தொடங்கின. திரையில் கோடு வரும், மறுகா கறுக்கும். சூட்டில், உள்ளே பற்றவைத்த ஈயம் விட்டுப்போவதுதான் காரணம். கிரபிக்ஸ் காட்டை மட்டும் கழற்றி அளவான சூட்டில் வைத்து எடுத்தால் ஈயம் மீண்டும் பிடிக்கும். என்னிடம் அதற்கு மெசின் இல்லை. பேக்கரி அந்தோனியிடம் பாண் சுடுகிற விறகுப் போறணை இருந்தது. பாண் இறக்கிய பிறகு தணல் தணிகிற நேரம் பார்த்து, காட்டைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளுவேன். முதல் காட் உயிர் பெற்றபோது அந்தோனி மா அப்பிய கையோடு கை தட்டினான்.

ஆனால் அது பிழைத்த பிழைப்பு இல்லை. சில கிழமை ஓடும், பிறகு திரும்பவும் கறுக்கும். நான் கொடுக்கும்போதே அதைச் சொல்லித்தான் கொடுத்தேன். முகாமில் நம்பிய சனம் இப்போது நம்பவில்லை. வேண்டுமென்றே அரைகுறையாய்ச் சுட்டுக் கொடுக்கிறேன் என்றார்கள். எட்டு வாங்கியவர்கள் நொண்டுகிறது என்று ஏசினார்கள், ஏழு வாங்கியவர்கள் செத்துவிட்டது என்று ஏசினார்கள். கடைசியில் அந்தோனியும் கை கழுவினான். "ரெத்தினம், 'இண்டைக்கு லெப்டொப் சுட்ட பாணா, சும்மா பாணா' எண்டு சனம் கேக்குது. இனி இஞ்சால வராத."

வீட்டில்

ஞாயிற்றுக்கிழமைகளில் தவராசா தமக்கையோடு போனில் கதைப்பான். நான் பக்கத்தில் இருந்து ஒன்றே ஒன்று கேட்கச் சொல்வேன். ஸ்டிக்கர் ஒட்டியது தான்தான் என்று எங்கள் தெருவில் நாலு பேரிடம் சொல்லச் சொல்லு. வேறொன்றும் வேண்டாம். மனைவி போனைக் கையால் பொத்திக்கொள்வாள். சுனாமியில் அவளுடைய ஆட்களில் மிஞ்சியவன் அவன் ஒருத்தன்தான். அது எனக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்பேன். "இஞ்சேருங்க, ஒட்டினது ஒட்டினதுதான். எனக்கு அவனையும் இல்லாமப் பண்ணிப் போடாதீங்க."

லீவில் வந்தவன்

தவராசா ஒரு தரம் லீவில் வந்தான். நான் கூப்பிடாமலேயே கடைக்கும் வந்தான். கட்டாரில் வாங்கிய புது லெப்டொப்பை மேசையில் வைத்து ரேஸ் போட்டான். தெரு முழுக்க என் கடைக்குள் வந்தது. அந்தோனி வந்தான், மரக்கறி அக்கா வாசலில் நின்றா. எங்கிருந்தோ அந்த வவுணதீவுக்காரரும் வந்து சேர்ந்தார். இத்தனை பேரை நான் காசு கொடுத்தும் கூட்டியிருக்க முடியாது.

வவுணதீவுக்காரர் நேரே கேட்டார்: "தம்பி, அந்த எட்டு ஸ்டிக்கர ஒட்டினது ஆர்? நீயா, இவரா?" தவராசா கேமை நிறுத்தவில்லை. அவனுடைய கார் ஒரு வளைவில் திரும்பியது, இன்னொரு வளைவிலும் திரும்பியது. நான் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். தவராசா என் தோளில் ஒரு கையைப் போட்டான். அன்பாகத்தான் போட்டான், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "விடுங்க ஐயா, அத்தான் அதிகம் படிக்கல்லத்தானே. நம்பர் மாறிப் போச்சு அவருக்கு."

எல்லோரும் பரவாயில்லை என்று என்னை மன்னித்துவிட்டுப் போனார்கள்; அவன் எனக்குத் தரவேண்டிய வசனம் இன்னும் வரவில்லை, எட்டும் இன்னும் நொண்டுகிறது.